போர்டை மாத்தினது யார்?

"போர்டை மாத்தினது நீங்கதானே?"

மேனேஜர் அறையில், கதவைக்கூடச் சாத்தாமல் கேட்டான் டிசைன் இன்ஜினியர். கையில் ஒரு துண்டுச்சீட்டு.

'தம்பி, போர்டை மாத்தியிருக்கேன். - அக்கா' என்று அதில் எழுதியிருந்தது.

எதிரே நின்ற டெஸ்டிங் அக்கா தலையாட்டினாள். நாற்பத்தைந்து வயது. ஒரு ஏஜென்சி மூலம் காண்ட்ராக்டில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஆபீஸுக்கே அவள் அக்கா.

"நான்தான் தம்பி. உங்களைக் கேட்டுட்டுத்தான் செஞ்சிருக்கணும். நேத்து நீங்க கிளம்பிட்டீங்க, அதனால..."

"கேட்டீங்களா சார்? அவங்க வாயாலயே சொல்றாங்க!"

அவன் குதித்ததிலும் அர்த்தம் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் டெமோ பார்க்கக் கஸ்டமர் வந்துவிடுவார்கள். மூன்று மாதமாகக் கண்ணும் கருத்துமாக உருவாக்கிய சர்க்யூட் போர்டு, காலையிலிருந்து கம்ப்யூட்டரோடு பேச மாட்டேன் என்கிறது. திரையில் 'தொடர்பு கிடைக்கவில்லை' என்ற ஒரே பல்லவி. பக்கத்திலேயே இந்தச் சீட்டு.

அதே கம்ப்யூட்டரில்தான் அக்காவும் தன் டெஸ்டுகளை ஓட்டுவாள். அவளிடம் டெஸ்டுக்கு வரும் போர்டுகளில் பாதி தேறாதவை. கூட்டிக் கழித்துப் பார்த்தான். தன் நல்ல போர்டை எடுத்துக்கொண்டு, உருப்படாத ஒன்றை வைத்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டான்.

மேனேஜருக்கு விசாரிக்க நேரம் இல்லை.

"இன்னைக்குப் போய் இப்படியா பண்ணுவீங்க? நீங்க கிளம்புங்க. ஏஜென்சிகிட்ட நான் பேசிக்கறேன்."

"சார், ஒரு நிமிஷம்..."

"கிளம்புங்கன்னு சொன்னேன்."

அக்கா பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "டெமோ நல்லா நடக்கட்டும் தம்பி" என்றாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பீரோவைத் திறந்து ஸ்பேர் போர்டை எடுத்தான். மேஜையில் இருந்த அதே கேபிளில் மாட்டினான்.

'தொடர்பு கிடைக்கவில்லை.'

சுருக்கென்றது. பூட்டி வைத்திருந்த போர்டில் எந்த அக்கா கை வைத்தாள்?

பழைய போர்டைத் திருப்பிப் பார்த்தான். அடியில் அவன் பேனாவால் போட்ட கையெழுத்து பத்திரமாக இருந்தது. காலையில் இதைத் திருப்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. கோபம் அப்படிக் கண்ணை மறைத்திருந்தது.

அதையே மறுபடி மாட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் இணைப்புகளின் பட்டியலைத் திறந்தான். கேபிள் சொருகும் ஒவ்வொரு இடத்துக்கும் அதில் ஒரு எண் உண்டு. அவன் எழுதிய புரோகிராம் எப்போதும் மூன்றாம் எண்ணைத்தான் தேடிப் போகும். மூன்று அங்கே இல்லை. ஏழு இருந்தது. மூன்றை அழித்துவிட்டு ஏழு என்று அடித்தான்.

போர்டு அனுப்பிய எண்கள் மடமடவென்று திரையில் கொட்டின.

கேபிளைச் சொருகும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பெயர் போர்ட். தமிழில் எழுதினால் அதுவும் போர்டு, இந்தச் சர்க்யூட் போர்டும் போர்டு. அக்கா எழுதியது அதை. அவன் படித்தது இதை.

மேனேஜர் அறைக்கு ஓடினான்.

"சார், தப்பு என்மேல. அக்கா ஒண்ணும் பண்ணலை. திரும்பக் கூப்பிடுங்க சார்."

"இப்ப வந்து சொல்றியா? நாளையிலிருந்து வேற ஆள் வருதுன்னு ஏஜென்சியில முடிவாயிடுச்சு. போய் டெமோவைப் பாரு."

டெமோ பிரமாதமாக நடந்தது. எல்லாரும் கை குலுக்கினார்கள். அவனுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஏன் மாத்தினீங்க என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு வேலை போயிருக்காதே என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

கஸ்டமர் கிளம்பியதும் அக்காவுக்குப் போன் போட்டான்.

"மன்னிச்சுடுங்கக்கா. நான் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டேன்."

"அதை விடுங்க தம்பி. டெமோ ஓடுச்சா?"

"ஓடுச்சுக்கா. எதுக்குக்கா இடத்தை மாத்தினீங்க?"

"நீங்க சொருகியிருந்த இடம் ஆட்டம் கண்டுபோச்சு தம்பி, தொட்டாலே கட்டாகுது. அந்தக் கம்ப்யூட்டர்ல நல்லா இருந்தது என் கேபிள் இருந்த இடம் ஒண்ணுதான். என்னோடதைப் பிடுங்கிட்டு உங்களோடதைச் சொருகினேன். உங்களுக்கு இன்னைக்கு விட்டா ஆகாது. என் டெஸ்டை நாளைக்கு வந்துகூட ஓட்டிக்கலாமேன்னு நினைச்சேன்."