மூன்று தரம் கூப்பிடுவார்கள்

கதவைத் திறந்த யோகம் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். உள்ளே சோபாவில், காலுக்கு மேல் கால் போட்டபடி, அல்பேர்ட் அண்ணை. வேறு ஒருவரும் இல்லை.

இந்த ஜெர்மன் பட்டினம் ஹனோவர் முழுக்க எத்தனையோ கதிரை இருக்க, அந்த மனிதனுக்கு இருக்கக் கிடைத்த இடத்தைப் பாருங்கள்! போதைப் பழக்கத்தை விட நினைக்கிறவர்கள் வருகிற ஆலோசனை நிலையம்.

யோகம் திரும்பி ஓடியிருப்பான். ஆனால் அண்ணை கண்டுவிட்டார்.

கை தானாகக் கன்னத்துக்குப் போனது. கீழ்மாடியில் பல் டொக்டரிடம் ஒரே சனம், அதுதான் கொஞ்சநேரம் இங்கே இருக்கலாமென்று வந்தேன் என்றான். அண்ணை தலையாட்டினார். தான் ஒருவருக்கு மொழிபெயர்க்க வந்ததாகச் சொன்னார்.

அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அகதி விண்ணப்பமோ, ஆஸ்பத்திரியோ, பொலிசோ, மொழிபெயர்க்க அண்ணை போகாத கந்தோர் கிடையாது. போன இடத்தில் கேட்டதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் இலவசமாக ஒலிபரப்பாகும்.

தூள் அடிக்கிறவன் என்றால் அவருக்கு இரக்கமே கிடையாது. பிடித்து உள்ளே போடவேண்டும், இந்த நாட்டுக்காரன் மருந்து கொடுத்துத் தடவி விடுவதால்தான் இவ்வளவும் என்று போன கிழமைகூட, தடிமன் பிடித்த மூக்கைத் துடைத்துத் துடைத்துக் கத்தினார்.

யோகம் ஒன்றரை வருடமாக ஒளித்துத் திரிகிறான். கோப்பை கழுவுகிற இடத்தில் ஒருத்தன் முதுகுநோவுக்கென்று கொடுத்த தூள். நோவு போய்விட்டது, தூள் போகவில்லை. மருந்து கேட்டால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் பிளேனில் ஏற்றிக் கொழும்புக்கு, கட்டுநாயக்காவில் இறக்கிவிடும் என்று பயம்.

அந்தப் பயத்தைக் குறைத்தது இந்த நிலையத்தின் வழக்கம்தான். இங்கே பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள். பொலிசுக்குச் சொல்லமாட்டார்கள். ஏதாவது ஒரு பெயர் கொடுத்தால் போதும், ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் எடுத்துத் தருவார்கள்.

பெயருக்கா பஞ்சம்! ஒருத்தன் பெயரில் பிளேன் ஏறி, இன்னொருத்தன் பெயரில் கிழக்கு பெர்லினைத் தாண்டியவன் யோகம். டெலிபோனில் இந்த நிலையத்துப் பெண் கேட்டபோது, எவரும் சந்தேகப்படமுடியாத மகா சுத்தமான பெயரொன்று வாயில் வந்தது. கொடுத்துவிட்டான்.

அல்பேர்ட்.

இப்போது பெயரின் சொந்தக்காரர் முன்னால் இருந்து காலை ஆட்டுகிறார். மூக்கைத் துடைக்கிறார். தடிமன் இன்னும் விடவில்லைப் போலும்.

உள்ளறைக் கதவு திறந்தது. பாதி பின்னிய கம்பளிச் சட்டையைக் கையில் வைத்தபடி அந்தப் பெண் எட்டிப் பார்த்து, ஜெர்மன் மரியாதையோடு கூப்பிட்டாள்.

“ஹெர் அல்பேர்ட்?”

யோகம் கன்னத்தை இறுக்கிப் பிடித்தான். இல்லாத பல்வலி இப்போது உண்மையாகவே வந்துவிடும்போல் இருந்தது.

மூன்று தரம் கூப்பிடுவார்கள். எழும்பாவிட்டால் கட்டில் அடுத்த ஆளுக்கு. பிறகு எட்டுக் கிழமை காத்திருக்கவேண்டும். போன மாதம் தூள் கூடிப்போய் ஸ்டேசன் கக்கூசில் விழுந்து கிடந்த யோகத்தைத் துப்புரவுக்காரி கண்டிராவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். எட்டுக் கிழமை தாங்கமாட்டான். அது அவனுக்கே தெரியும்.

எழும்பினால்? ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் செய்தி. அடுத்த கடிதத்தில் மானிப்பாயில் அம்மாவுக்குச் செய்தி.

“ஹெர் அல்பேர்ட்?”

அண்ணை எழும்பவில்லை. தன் பெயரைக் கூப்பிடுகிறார்கள், மனிதன் சுவரிலிருந்த கலண்டரைப் படித்துக்கொண்டிருக்கிறார்! உலகத்துக்கே மொழிபெயர்க்கிறவருக்குத் தன் பெயர் விளங்கவில்லையா? யோகத்துக்குக் கோபம்கூட வந்தது.

அந்தப் பெண் கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தாள். மூன்றாம் தரத்துக்கு வாயைத் திறந்தாள்.

அண்ணை யோகத்தின் பக்கம் குனிந்தார். கைலேஞ்சியால் மூக்கை இன்னொரு தரம் துடைத்தார். கோயில் வாசலில் கேட்கிற குரல் இல்லை அது. யோகத்துக்கே மட்டுமட்டாகத்தான் கேட்டது.

“எழும்பும் தம்பி, உம்மைத்தான் கூப்பிடுறா. எனக்கு இங்கை வேறை பேர்.”