எல்லை தாண்டிய போட்டு

"எல்லைன்னா எல்லைதாம்மா. உன் புருசனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு ஆத்துல மாத்தி மாத்திக் கோடு போட முடியுமா?"

பக்தவச்சலம் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டார். எண்ணூர் ஆற்றோரத்தில் தெற்குக் குப்பத்துக்கு அவர்தான் தலைவர். எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்ற அன்புக்கரசி வடக்குக் குப்பத்துக்காரி.

அவள் புருஷன் உதயாவின் ஃபைபர் படகு, அவர்கள் பேச்சில் போட்டு, தலைவர் வீட்டு வாசலில் சங்கிலி போட்டுக் கட்டிக் கிடந்தது. வலையும் அதிலேயே கிடந்தது. சாயங்காலம் ஏலம்.

ஆற்றில் எந்தக் குப்பத்துக்காரன் எந்த இடத்தில் வலை போடலாம் என்று தலைமுறை தலைமுறையாக முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பேர் பாடு. அடுத்தவன் பாடு என்று தெரிந்த இடத்தில் போன வாரம் உதயா வலை போட்டுக் கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டான்.

"வேணும்னு வரலண்ணா. இஞ்சின் நின்னுடுச்சி. காத்து இஸ்துகினு வந்து வுட்டுடுச்சி."

பக்தவச்சலம் சிரித்துவிட்டார்.

"மாட்டுனவன் எல்லாம் இதத்தாம்மா சொல்லுவான். காத்து இஸ்துகினு வந்துச்சி, சரி. வலையையும் காத்துதான் விரிச்சிச்சா?"

அன்புக்கரசி தலையைக் குனிந்துகொண்டாள். பொய் அவளுக்கே ஒட்டவில்லை. உண்மையையே சொல்லிவிட்டாள்.

"எங்க பக்கம் கரண்டு கம்பெனி சாம்பலா வந்து ஆறே தூந்து போச்சிண்ணா. வலை போட்டா சேறுதான் வருது. வூட்ல புள்ளைங்களுக்கு இன்னா போடறது?"

"அதுக்கு? உங்க பக்கம் மீன் இல்லன்னா எங்க பக்கம் வந்து வாரிக்கினு பூடுவீங்களா? அப்ப எங்க புள்ளைங்க இன்னாத்த துன்னும்?"

கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"அபராதம் போடுங்க, எப்டியாவது கட்டிடறோம். போட்டை மட்டும் ஏலம் வுடாதீங்கண்ணா. அந்த ஆளு சோறு எறங்காம படுத்துகினு கீறாரு. போட்டு இல்லன்னா செத்துருவாரு."

"சும்மா வுட்டா நாளைக்கே திரும்பி வருவான். ஏலம் வுட்டாதான் அடுத்தவனுக்குப் பயம் வரும். பாவ புண்ணியம் பாத்தா சட்டத்தக் காப்பாத்த முடியாதும்மா."

வாசலில் ஹாரன் அடித்தது. இரண்டு குட்டியானை வண்டிகள், நிறையப் பெண்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிய பக்தவச்சலம், ஏதோ தோன்றியவராகத் திரும்பினார்.

"நின்னுகினு இன்னா பண்ணப் போற? நீயும் ஏறு. எல்லாக் குப்பத்துப் பொம்பளைங்களும் வராங்க. பொம்பளைங்க முன்னாடி நின்னாதான் டிவிக்காரன் திரும்பிப் பாப்பான்."

"எங்கண்ணா?"

"போராட்டத்துக்கு. நம்ம மீனவ ஜனத்துக்காகத்தான். ஏறு, ஏறு."

"வந்தா போட்டு..."

"அத்த அப்பால பாக்கலாம்."

அப்பால பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். ஆனால் அப்படி எடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. ஏறிக்கொண்டாள்.

வண்டியில் தெற்குக் குப்பத்து ஜெயஸ்ரீ அவள் காதோரம் சொன்னாள். "கவலப்படாதக்கா. எங்க தலைவரு வாய்தான் கறாரு. அடுத்தவங்க கஷ்டத்த டிவில பாத்தாக்கூட அழுதுடுவாரு."

வண்டி நுங்கம்பாக்கத்தில் போய் நின்றது. போலீஸ் தடுப்பு, கேமராக்கள், அதற்கு அந்தப் பக்கம் இலங்கைத் துணைத் தூதரகம். இறங்கியதும் யாரோ ஒரு தட்டியை அவள் கையில் திணித்தார்கள்.

'எங்கள் படகை ஏலம் விடாதே! திருப்பிக் கொடு!'

அன்புக்கரசி எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். தனக்காகவே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

பக்தவச்சலம் மைக்கைப் பிடித்தார்.

"கடல்ல எவன்யா கோடு கிழிச்சான்? காத்தடிச்சா போட்டு அந்தாண்ட போவத்தான் செய்யும். நம்ம பக்கம் மீன் இல்ல, வயித்துப் பொழப்புக்குப் போனான். பசிக்கிறவன் எல்லையப் பாத்துகினு நிப்பானா? ஏ இலங்கை அரசே! போட்டைப் புடிச்சி ஏலம் வுடறியே, அந்தக் குடும்பம் இன்னா கதியாவும்னு ஒரு நிமிசம் நெனச்சிப் பாத்தியா?"

குரல் உடைந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பெல்லாம் இல்லை, மனுஷன் நிஜமாகவே அழுதார்.

"படகை விடு!" என்று கத்தினார். கூட்டமும் கத்தியது. அத்தனை குரலுக்கும் மேலே ஒரு குரல் கேட்டது. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணீர் வழிய, அன்புக்கரசி கத்திக்கொண்டிருந்தாள்.

கேமராக்கள் அவளிடம் ஓடி வந்தன.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் படகையும் பிடிச்சு வச்சிருக்காங்களா?" என்று டிவி நிருபர் கேட்டார்.

"ஆமா சார். எல்லை தாண்டிட்டாருன்னு புடிச்சிகினாங்க. இன்னிக்கு ஏலம்."

சுற்றியிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பக்தவச்சலம் முகத்தில் பெருமை வழிந்தது. என்னமாய் நடிக்கிறாள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் மைக்கையே அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

"பயப்படாம சொல்லும்மா! நேரலைல போவுது. ஊரு உலகமே பாக்கட்டும்."

"படகு இப்ப யார்கிட்டம்மா இருக்கு?" என்றார் நிருபர்.

அன்புக்கரசி தட்டியைக் கீழே இறக்கினாள்.

"இதோ, மைக்கப் புடிச்சிகினு நிக்கிறாரே, இவுருகிட்டதான் சார் கீது."