ஏரிக்கரைப் பூனையின் நீர் நிலவரம்

ஏரிக்கரைப் பூனை தினமும் காலையில் முன்னங்கால் நுனியை மட்டும் தண்ணீரில் நனைத்துவிட்டு அறிக்கை விடும். மார்கழியில், "இறங்கினால் விறைத்துப்போவீர்கள்" என்றது. சித்திரையில், "வெந்துபோவீர்கள்" என்றது. காரி எருமை அதை நம்பி, முதுகுத்தோல் வெடிக்க வெயிலிலேயே நின்றது.

ஒருநாள் கரை சரிந்து பூனை ஏரிக்குள் விழுந்தது.

"ஐயோ, காப்பாத்துங்க!"

காரி யோசிக்காமல் பாய்ந்து, அதை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்திக் கரை சேர்த்தது. உடம்பெல்லாம் குளுகுளுவென்று இருந்தது.

"அண்ணே, தண்ணி சுகமாத்தானே இருக்கு?" என்று கேட்டது.

பூனை உடம்பை உதறிக்கொண்டது. "நேரில் இறங்கியே ஆராய்ந்துவிட்டேன். படு ஆபத்து!"

மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் பயபக்தியோடு தலையாட்டின. காரிக்கும் பயம் வந்துவிட்டது. ஈரம் சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் போய் நின்றுகொண்டது.