கொக்குகள் எழும்பவில்லை

ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஒஸ்வால்ட், மனைவி பேர்ணடெற்றைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தை வாய்க்கால் சதுப்புக்குப் பறவை பார்க்க வந்தான். சித்திரை வெயில் கண்ணைக் குத்தியது.

போன கிழமைதான் காய்ச்சலில் கிடந்தவனுக்குச் சாமியார் வந்து, சாகக்கிடக்கிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெய் பூசினார். விடியற்காலையில் மூச்சு நின்றது. பேர்ணடெற் அழத் தொடங்குமுன் அவன் எழும்பித் தேத்தண்ணி கேட்டான். ஆளைத் திருப்பித் தந்தால் போதும் என்றுதான் அவள் கொச்சிக்கடைக் கோயில் அந்தோனியாரிடம் கேட்டிருந்தாள். மேற்கொண்டு எதையும் கேட்க அவளுக்குத் தெம்பில்லை, பிள்ளைகளே. இரவிரவாக முழித்த உடம்பு.

அவள் கரையில் கால் வைத்ததுமே கொக்குகள் குபீரென்று எழும்பின.

"ஆனை நடையப்பா உமக்கு! நீர் இதிலை இரும்," என்று சிரித்துவிட்டு, ஒஸ்வால்ட் முழங்கால் தண்ணீரில் இறங்கினான்.

கொக்குகள் திரும்பி வந்து அவனைச் சுற்றி இறங்கின. அவன் கைவீசி நடந்தான், ஒன்றுகூட விலகவில்லை. ஒன்று அவன் தோளில் நின்று சிறகு கோதியது.

"வெயில் ஏறுது, வாங்கோ," என்றாள் பேர்ணடெற்.

கரையேறியவனின் காற்சட்டை நனைந்திருக்கவில்லை. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, போத்தலிலிருந்த தேத்தண்ணியை இரண்டு கோப்பையிலும் ஊற்றினாள்.

"ஒரு கரண்டி சீனி காணுமே உங்களுக்கு?"