வாஷ்பேசின் பக்கத்து மேஜை

"இங்கதான் வாஷ்பேசின் இருந்துச்சு. டேபிள் இதுக்குப் பக்கத்துல," என்றார் என் கணவர், கூரியர் ஆபீஸின் எடை மெஷினைக் காட்டி.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எங்கள் மேஜை ஜன்னலோரம் இருந்தது. நாற்பது வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். பிள்ளைகளுக்கே மனப்பாடம்.

கூரியர் ஆபீஸ் ஆவதற்கு முன் இது செருப்புக்கடை. அதற்கு முன் ஜெராக்ஸ் கடை. அதற்கும் முன் ஓட்டல். எட்டு மேஜைகள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, யார் வந்தாலும் நிமிர்ந்து பார்க்காத முதலாளி. 'உம்மணாமூஞ்சி ஓட்டல்' என்றால்தான் ஊரில் தெரியும். போர்டில் என்ன பெயர் எழுதியிருந்தது என்பது முதலாளிக்கே மறந்திருக்கும்.

தெருவில் பழையது ஒன்றுகூட மிச்சமில்லை. வண்டியில் வரும்போது நான்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். போட்டோ ஸ்டுடியோ இருந்த இடத்தில் ஏ.டி.எம். கல்யாணப் படத்தில் என்னைச் சரியாகக் கண் மூடும்போது பிடித்த புண்ணியவான் கடை அது. கேசட் கடை மருந்துக்கடை ஆகிவிட்டது. அங்கே பத்துப் பாட்டு எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் நமக்குப் பிடித்த எட்டையும் தனக்குப் பிடித்த இரண்டையும் பதிந்து கொடுப்பார். வாடகை நூலகம் இருந்த இடத்தில் யார் வீட்டுக்கோ மாடிப்படி போகிறது.

எல்லாவற்றுக்கும் அவர் 'ம்' என்றார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமே.

எங்களிடம் இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. அவருடையது மகன் ஊருக்கு. என்னுடையது மகள் ஊருக்கு. வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி செய்கிறோம். இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலில் பதினாறு மணி நேரம்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். மகன் வீட்டில் கூடுதலாக இருப்பது ஒரே ஒரு கட்டில். மகளுக்குக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஃபோனில் பேசிப் பேசி, அப்பா இங்கே, அம்மா அங்கே என்று முடிவு செய்தார்கள்.

மகன் ஃபோனில் அதைச் சொன்னபோது நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரிப்பா," என்றார் கல்லுளிமங்கன். அவ்வளவுதான்.

அந்த ஒரு வார்த்தை பதினைந்து நாளாக என் நெஞ்சைப் போட்டு அறுக்கிறது. நாற்பது வருடம் கூடவே இருந்தவளை அனுப்பிவைக்க ஒரு 'சரி' போதுமா?

அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. மேஜை விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை என்று நின்றேன்.

அப்போது நான் டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டர். பகல் முழுக்க ஊராருக்கு லைன் போட்டுக் கொடுத்துவிட்டு, நாலரை மணிக்கு இங்கே வருவேன். ஒரு காபி, ஒரு பன். இவர் எதிர்த்தாற்போல இருந்த அச்சகத்தில் பிழை திருத்துபவர். பேசவே தேவையில்லாத உத்தியோகம்.

ஒருநாள் ஓட்டலில் இடமே இல்லை. என் மேஜைக்கு வந்து, எதிரே உட்காரலாமா என்று கேட்டார். போனால் போகிறது என்று தலையாட்டினேன். எங்கள் கதை இவ்வளவுதான். உட்கார இடம் கிடைக்காமல் வந்து ஒட்டிக்கொண்ட மனுஷர் என்று கல்யாண நாள்தோறும் கேலி செய்திருக்கிறேன். அவரும் சிரித்துக்கொள்வார்.

"ஜன்னலோரம்தாங்க," என்றேன். "எனக்குத் தெரியாதா?"

"அது உன் டேபிள். என் டேபிள் இது."

"உங்களுக்கு ஏதுங்க டேபிள்? அன்னைக்கு இடமே இல்லாமத்தானே வந்தீங்க?"

அவர் எடை மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடம் இருந்துச்சு," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே மெல்லச் சொன்னார். "இங்க உக்காந்தா கண்ணாடியில நீ தெரிவ. மூணு மாசம் உக்காந்திருந்தேன். தெனமும் கேக்கணும்னுதான் வருவேன். வாயே வரலை."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மாலையை நினைத்துப் பார்த்தேன். எட்டு மேஜையில் எத்தனை காலியாக இருந்தன? நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. இடம் இல்லை என்று அவர் சொல்லவும் இல்லை. நானாக நினைத்துக்கொண்டு, நாற்பது வருடம் ஊரெல்லாம் சொன்னேன்.

மூன்று மாதம்! ஒரு நாற்காலியில் உட்காரட்டுமா என்று கேட்க மூன்று மாதம் எடுத்துக்கொண்ட மனுஷருக்குப் பிள்ளைகள் ஃபோனில் இரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நானும் பெரிய ஒழுங்கில்லை. பதினைந்து நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேனே தவிர, என்னங்க நினைக்கிறீங்க என்று ஒரு தடவை கேட்டேனா?

"சார், ரெண்டும் வேற வேற அட்ரஸ்தானே? பில் போட்டுடலாமா?" என்று கேட்டார் கவுண்டரில் இருந்த அம்மா.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். காது மடல் சிவந்தது.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

கவுண்டரில் கிடந்த மார்க்கர் பேனாவை எடுத்தேன். முதலில் அவர் பெட்டியில் இருந்த முகவரியை அடித்தேன். பிறகு என்னுடையதை. மகன் வீடா, மகள் வீடா, இதே ஊரில் ஒற்றை அறையா, அதைப் பிள்ளைகளோடு சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்ளலாம். எங்கே என்றாலும் இரண்டு பெட்டியும் ஒரே இடத்துக்குத்தான்.

அழுத்தி அடித்ததில் என் பெட்டி கவுண்டர்மேல் வழுக்கிக்கொண்டு போனது.

அவர் குனிந்து, நான் கடைசி எழுத்தை அடித்து முடிக்கும்வரை, அது நகராமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.