மீசைக்கு நட்ட செடி

"வேருக்கு மட்டும் ஊத்துங்க தம்பி. இலையில ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது" என்றார் ஊர்க்காவலன். கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்து வீட்டு வாசலில் நட்ட ஜூனிபர் செடியைக் கை படாமல் காற்றிலேயே தடவிக் காட்டினார்.

பக்கத்து வீட்டுச் செல்வக்குமார் பயபக்தியோடு தலையாட்டினான். சிவகாசியில் காலண்டர் பிரஸ் ஒன்றில் மிஷின் ஓட்டுகிறவன். அவர் மகள் கீர்த்திகாவைப் பெண் கேட்டிருந்தான்.

"கோயம்புத்தூர் கல்யாணத்துக்குப் போயிட்டு வாரோம். அதுவரைக்கும் செடியைப் பாத்துக்கோங்க. பச்சை மாறாம இருந்தா மேக்கொண்டு பேசுவோம்."

அவருக்கும் அது சும்மா வளர்க்கிற செடி இல்லை. மலைச்செடி இந்த வெயிலில் பிழைக்காது என்று தெருவே சொன்னபோது, பிழைக்காவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாகச் சவால் விட்டவர். சித்திரை முழுக்கச் செடியும் வாடவில்லை, மீசையும் போகவில்லை.

அவர்கள் ஊருக்குப் போன மறுநாளே கோடை மழை கொட்டித் தீர்த்தது. ஷிப்ட் முடிந்து செல்வக்குமார் ஓடி வந்து பார்த்தால், செடி பழைய விளக்குமாறு மாதிரி பழுப்பேறி நின்றது. தொட்டால் ஒன்றிரண்டு இலை உதிர்ந்தது. பெரியவர் சொன்ன மாதிரியே, இலையில் தண்ணீர் பட்டதும் செத்துவிட்டது.

கீர்த்திகாவுக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னான். அவளே ஒரு வழி சொன்னாள்.

"முருகன் காலண்டர்ல மயிலுக்கு அம்புட்டுப் பச்சை ஏத்துதீகள்ல. ஒரு செடிக்கு ஏத்த முடியாதா?"

மறுநாள் பிரஸ்ஸில் மிஞ்சிய மையை டப்பாவில் கொண்டுவந்து, பழைய டூத் பிரஷ்ஷால் இலை இலையாகத் தடவினான். எதிர்வீட்டு முத்துமாரி அக்கா நின்று பார்த்து, "என்ன தம்பி, செடிக்குப் பல்லு வெளக்கி விடுதீகளோ?" என்றாள். பூச்சிமருந்து என்று சமாளித்தான்.

ஊர்க்காவலன் குடும்பத்தோடு வந்து இறங்கிய அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் பெட்டியைத் தெருவிலேயே போட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு ஓடினார். தான் நனைந்தபடி செடிக்குக் குடை பிடித்தார். செடி அதற்குள் நன்றாக நனைந்து, மயில் தோகையாக மின்னிக்கொண்டிருந்தது.

அவர் குனிந்தார். ஒரு இலையைக் கிள்ளினார், தேய்த்தார், விரலை முகர்ந்து பார்த்தார். செல்வக்குமார் ஓரடி முன்னால் வந்தான். காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தான்.

ஊர்க்காவலன் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். மீசையை நீவிக்கொண்டு, அவனைக் குடைக்குள் இழுத்துக் காதில் கேட்டார்.

"நான் அடிச்ச சாயம் ஒரு தூறலுக்கே தாங்காதே, இது எந்த மை மாப்ள?"