நாலு வீட்டுச் செவலை

ஒரே மாட்டை ஒரே காலையில் நாலு வீட்டில் கட்டிக் காட்டியிருக்கிறீர்களா?

நான் காட்டியிருக்கிறேன். கயிறு அறுத்த தழும்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

கடன் ஆபீசர் பிரபாகர் சார் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு முன்தெரு வழியாக நடந்து வந்துகொண்டிருந்தார். நானும் செவலையும் பின்சந்து வழியாக ஓடிக்கொண்டிருந்தோம்.

எங்கள் மகளிர் குழுவில் நாலு பேர். ஆளுக்கொரு கறவை மாடு வாங்குவதாகச் சொல்லித்தான் கடன் எடுத்திருந்தோம். நாங்கள் முதலில் கேட்டது வேறு. "அதுக்கெல்லாம் பொம்பளைங்களுக்குக் கடன் கிடையாதுங்க, மாட்டுக்குன்னா உண்டு" என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். சரியென்று மாட்டுக்கே கையெழுத்துப் போட்டோம்.

மாடு வாங்கவில்லை. நாலு பேர் பணத்தையும் சேர்த்து வாங்கியது, கந்தம்மாள் அக்கா வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது.

அன்று மாடுகளைப் பார்த்துப் போட்டோ எடுக்க ஆள் வருகிறார். ஒரு மாடு குறைந்தாலும் நாலு பேர் கடனையும் மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள். தார்ப்பாய்க்கு அடியில் இருப்பதை விற்றால்தான் கட்ட முடியும்.

எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து இருந்த ஒரே மாடு, கந்தம்மாள் அக்காவின் பழைய செவலை.

முதல் வீடு பாப்பாயி அக்காவுடையது. செவலை கழுத்தில் மணியோடு, கன்றிலிருந்தே அங்கே வளர்ந்தது போல நின்றது. சார் போட்டோ எடுத்தார். பாப்பாயி அக்கா ஆற்றாத காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு, தன் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் ஊதி ஊதிக் குடிப்பதற்குள் மணியைக் கழற்றிக்கொண்டு நான் சந்தில் இறங்கிவிட்டேன்.

இரண்டாவது மோகனப்பிரியா வீடு. வேறு மாடாகத் தெரியட்டும் என்று அந்தப் பெண் கொம்பு நுனியில் தன் நகப் பாலீஷைப் பூசிவிட்டாள். ரோஸ் கலர்.

"அழகா இருக்குதுங்களா அக்கா?"

அழகாகத்தான் இருந்தது. அடுத்த வீட்டுக்கு அதை எப்படி அழிப்பது என்று யாரும் யோசிக்கவில்லை.

மூன்றாவது என் வீடு. இரண்டு கொம்பிலும் துணியைச் சுற்றினேன். "கொம்புல புண்ணு சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போட்டோ எடுத்தார்.

எனக்குச் சொந்த ஊர் கெங்கவல்லி. கல்யாணமாகி இங்கே வந்தவள். வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போனால் மழைக்காலத்துக்குத்தான் திரும்புவார். எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டால் இங்கே சிரிப்பார்கள். அதனால் வாயே திறக்காமல் கழித்த நாட்கள் நிறைய.

அன்று காலை குழுவில் மற்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஓடு சாமி, ஓடு! உம்பட கெங்கவல்லிப் பேச்செல்லாம் அதுக்குப் புரியாது, இழுத்துட்டு ஓடு!"

நாலாவது வீட்டுக்கு இழுக்க வேண்டியிருக்கவில்லை. அது கந்தம்மாள் அக்கா வீடு, செவலையின் சொந்த வீடு. அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது. கொம்பில் சுற்றிய துணி வேலி முள்ளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.

சார் வாசலுக்கு வந்தபோது, செவலை வேப்பமரத்தடியில் ரோஸ் கொம்போடு புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நானும்தான்.

"ஏனுங்க, மாட்டுக்கு ஏன் இப்படி மூச்சு இளைக்குது?"

"வெயிலுங்க சார்" என்றாள் கந்தம்மாள் அக்கா. மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை.

அவர் போட்டோ எடுக்கவில்லை. கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன்.

தார்ப்பாயை ஒழுங்காகத்தான் மூடியிருந்தோம். அதன் முன்னால் தரையில், குங்குமம் தடவிய பூசணிக்காய் உடைந்து கிடந்தது. பக்கத்தில் தட்டையாய் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள். வெள்ளிக்கிழமை போட்ட பூஜை. எல்லாவற்றையும் மறைத்தோம். அதைப் பெருக்கித் தள்ள மட்டும் நாலு பேரில் ஒருத்திக்கும் கை வரவில்லை.

மாடு வாங்கினால் யாரும் எலுமிச்சம்பழம் நசுக்குவதில்லை. வண்டி வாங்கினால்தான் சக்கரத்துக்கு அடியில் வைப்பார்கள். சாருக்கோ ஊர் திருச்செங்கோடு. லாரிக்கு நடுவில் வளர்ந்தவர்.

மோகனப்பிரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஓட்டறது யாருங்க?" என்று கேட்டார்.

மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

கெங்கவல்லியில் அப்பாவின் மரவள்ளிக்கிழங்கு வண்டியை ஓட்டியவள் நான். லைசென்ஸ் இருக்கிறது. அதை ஒருநாள் வாய் தவறிச் சொன்னபோதுதான் கந்தம்மாள் அக்கா என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கோழிப்பண்ணையில் முட்டை எடுத்துச் சேலத்துக் கடைகளுக்கு நாமே போடலாமே என்று அன்றைக்குத்தான் பேச்சு ஆரம்பித்தது.

"நான்தான் சார்" என்றேன். இந்த முறை குரல் தெருவுக்கே கேட்டது.

அவர் போனைத் தூக்கினார். கொம்பு படத்தில் விழாதபடி நகர்ந்து நின்று ஒரு போட்டோ எடுத்தார்.

"மாட்டுக்கு முதல்ல தண்ணி காட்டுங்க. நாலு வீட்டு மாடும் களைச்சுப் போச்சு."

அவர் பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை அடக்கிக்கொண்டிருந்தோம். பிறகு சிரித்த சிரிப்பில் பாப்பாயி அக்கா முழங்கால் வலியை மறந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை பெயிண்டர் வந்து வண்டியின் நெற்றியில் ‘செவலை’ என்று எழுதினார். பெயிண்ட் காய்வதற்குள் முட்டை ஏற்றிக்கொண்டு சேலம் சூரமங்கலம் போனேன்.